பள்ளத்தூர் வீட்டில் கிடைத்த காமிக்ஸ் பெட்டிகளை என்ன செய்வது?

பள்ளத்தூரிலுள்ள பூர்வீக வீட்டைப் பங்காளிகள் கூடி ஒழுங்குபடுத்தியபோது மேல்மாடி அறையில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கிடைத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்கள். மற்றொன்றில் வார இதழ்களிலிருந்து வெட்டிப் பள்ளிக்கூட நோட்டுகளில் ஒட்டிய நகைச்சுவைப் படங்கள். பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். காரைக்குடியிலிருந்து வந்த இரண்டு பேரோ விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மதியச் சாப்பாட்டையும் மறந்து, தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே பெட்டிக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் யார், எதற்காகச் சிரிக்கிறார்கள், பெட்டிகளை என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எடைக்குப் போடாதீர்கள், இரண்டு பெட்டிகளையும் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக வைத்திருங்கள். தமிழில் படம் வரைந்து வாழ்ந்தவர்களின் உழைப்புக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி பெரும்பாலும் இத்தகைய வீட்டுப் பெட்டிகள்தாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க வேண்டுமானால், உங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் அன்றாடத்தையும், படம் வரைபவர்களின் அன்றாடத்தையும் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், புதுவயல் வட்டாரத்தில் நான் அறிந்த காமிக்ஸ் சேகரிப்பாளர்கள் யாரும் பெரும் பணக்காரர்கள் அல்லர். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், மருந்துக் கடை வைத்திருப்பவர், செல்போன் பழுது பார்ப்பவர் என்று அவரவர் தொழிலில் இருப்பவர்கள். பெரும்பாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிறுவர்களாக இருந்தவர்கள். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யை முதல் இதழாகக் கொண்டு வந்தது. 1984ஆம் ஆண்டு அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் தொடங்கின. வெள்ளிக்கிழமை தினமலருடன் வந்த சிறுவர் மலரில் படக்கதைகள் தொடராக வந்தன. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய இந்த இதழ்களை வாங்க, ஒரு வீட்டிலிருந்து ஒரு பையனுக்குத்தான் காசு கிடைக்கும். ஆனால் செட்டிநாட்டு வீட்டில் ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி குடும்பங்கள் பல இருந்தன. கோடை விடுமுறையில் பெரியப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் சேர்ந்துவிட்டால் ஒரே புத்தகத்துக்கு வரிசை நிற்கும். உங்கள் பெட்டியிலுள்ள இதழ்களின் உள் அட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வெவ்வேறு கையெழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். யார் முதலில் படித்தது, யார் கடைசிப் பக்கத்தைக் கிழித்தது என்ற வழக்கெல்லாம் அங்கேயே எழுதித் தீர்க்கப்பட்டிருக்கும்.

சேகரிப்பாளரின் நாள் பெரும்பாலும் காத்திருப்பிலும் தேடலிலும் கழிகிறது. சந்தா கட்டியவருக்கு மாதந்தோறும் சிவகாசியிலிருந்து கூரியரில் பார்சல் வரும். அதைப் பிரித்ததும் படிப்பதற்கு முன் அச்சு மையின் வாசனையை முகர்ந்து பார்ப்பது அவர்கள் எல்லோருக்கும் பொதுவான பழக்கம். பழைய இதழ்களுக்கு வேறு வழி இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில், வீடு பிரிக்கும்போது வந்து சேர்ந்த எனாமல் அடுக்குகள், சாமி படங்கள், மரத்தூண்கள் ஆகியவற்றுக்கு இடையே சில நேரம் புத்தகக் கட்டும் கிடக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவர் தூணையும் கதவையும் பார்ப்பார்; நம் சேகரிப்பாளர் தூணுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருக்கும் புத்தகக் கட்டைப் பார்ப்பார். ஆவலைக் காட்டினால் விலை ஏறிவிடும் என்பதால் பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்து விலை பேசிக்கொண்டே காலால் கட்டைத் திருப்பிப் பார்க்கும் சாமர்த்தியம் இவர்களுக்கு உண்டு. கடைக்காரருக்கும் அது தெரியும். “அண்ணே, செம்பு விலையைப் பேசி முடிச்சிட்டீங்கன்னா கீழே இருக்கிற மாயாவி விலையையும் சொல்லிடுறேன்” என்று ஒரு கடைக்காரர் சொன்னதை இந்த வட்டாரத்துச் சேகரிப்பாளர்கள் இன்றும் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர்களுடைய சிரிப்பில் பாதி, கதைகளின் உள்ளிருந்து வருவது. இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இதைப் படித்து வளர்ந்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், யாராவது ஒருவர் கட்டாயம், “எல்லாரும் இருக்கீங்களா, யாராச்சும் பிளக்கில கை வச்சு மறைஞ்சிட்டீங்களா?” என்று கேட்பார். ராணி காமிக்ஸில் மாயாவி என்று வந்தவரோ முகமூடி அணிந்த வனக்காவலர். அவரையே முத்து காமிக்ஸ் வேதாளர் என்று வெளியிட்டது. எனவே ‘மாயாவி கிடைத்தது’ என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையிலிருந்து வரும் முதல் கேள்வி, “கையா, முகமூடியா?” என்பதுதான். முடிவில்லாமல் இழுக்கும் எதற்கும் தினத்தந்தியின் கன்னித்தீவைச் சொல்வது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். 1960ஆம் ஆண்டு தொடங்கிய படக்கதை அது, சிந்துபாத்தின் பயணம் இன்னும் முடிந்தபாடில்லை. செட்டிநாட்டில் அந்த உவமைக்கு நல்ல வேலை இருக்கிறது. மூன்று தலைமுறையாக நடக்கும் பாகப்பிரிவினை வழக்கைப் பற்றி விசாரித்தால், “லைலா இன்னும் கிடைக்கலை” என்று பதில் வரும்.

மற்றப் பாதி, குறைபட்ட பிரதிகளிலிருந்து வருவது. இரவல் போய்த் திரும்பும் புத்தகத்தில் முதலில் போவது அட்டை, அடுத்தது கடைசித் தாள். துப்பறியும் கதையில் கடைசித் தாள் இல்லையென்றால் கொலைகாரன் யார் என்பது தெரியாது. பள்ளி நாளில் படித்த அத்தகைய கதைக்கு நரை கூடிய பிறகு ஒரு பேரன் வயதுப் பையனிடமிருந்து முழுப் பிரதி கிடைத்து, தான் இத்தனை காலம் சந்தேகப்பட்ட சமையல்காரர் குற்றமற்றவர் என்று தெரிந்ததும் அவருக்காக உண்மையாகவே வருத்தப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டுப் பெண்களின் பேச்சும் இந்த நகைச்சுவையில் பெரும்பங்கு வகிக்கிறது. ‘ஒன்று படிக்க, ஒன்று வைக்க, ஒன்று மாற்றிக்கொள்ள’ என்று ஒரே இதழில் மூன்று பிரதி வைத்திருக்கும் கணவரைப் பார்த்து, “கொலு பொம்மைகூட வருசத்துக்கு ஒன்பது நாள் வெளியே வருது, உங்க வேதாளம் எப்ப வரும்?” என்று கேட்ட ஆச்சியின் சொல் எந்தக் கார்ட்டூனிலும் இடம்பெறத் தகுந்தது. பெண்களில் சேகரிப்பவர்களும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். திருமணத்தில் பெண் வீட்டார் சாமான் பரப்பும்போது வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் வரிசைகளுக்குப் பின்னால் ஒரு பூட்டிய தகரப் பெட்டி இருந்ததாகவும், சம்பந்தியம்மாள் திறந்து காட்டச் சொன்னபோது அதில் முழுக்க லயன் காமிக்ஸ் இருந்ததாகவும், மாப்பிள்ளை அன்று பார்த்தது அந்தப் பெட்டியை மட்டும்தான் என்றும் ஒரு கதை இந்தப் பக்கம் வழங்குகிறது.

இனி, படம் வரைபவர்களைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது பெட்டி அவர்களுடையது. எனக்கு அதுவே அதிக முக்கியமாகப் படுகிறது.

தமிழ் இதழியலுக்குக் கேலிச்சித்திரத்தை முனைப்போடு கொண்டு வந்தவர் பாரதியார். 1906ஆம் ஆண்டு தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை முதல் பக்கத்திலேயே வெளியிட்டார். பிறகு முப்பதுகளில் ஆனந்த விகடனில் மாலி, அவரைத் தொடர்ந்து ராஜு, கோபுலு, பின்னாளில் மதன் என்று ஒரு பெரிய வரிசை உருவாயிற்று. கோபுலுவின் வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களை உங்கள் நோட்டுகளில் கண்டால் நிதானமாகப் பாருங்கள். வசனத்தை விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தாலும் பாதிச் சிரிப்பாவது வராத படம் நல்ல நகைச்சுவைப் படம் ஆகாது என்பது என் கருத்து. அவர் படங்களில் மூலையில் நிற்கும் வேலையாளின் முகத்தில்கூட ஒரு கருத்து இருக்கும்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் காரைக்குடியில் ஓவிய ஆசிரியராக இருந்துகொண்டு வார இதழ்களுக்கு நகைச்சுவைப் படம் அனுப்பி வந்த ஒருவரிடம் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பேருந்தில் போகும்போது டிக்கெட்டின் பின்புறத்தில் ஒரு மூக்கை மட்டும் குறித்துக்கொள்வார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வளவின் ஓரத்தில் ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பென்சிலில் முதலில் கைகளை வரைவார். பொய் சொல்பவனின் கை எங்கே இருக்கும், கடன் கேட்பவனின் கை எங்கே இருக்கும் என்பது தெரிந்துவிட்டால் முகம் தானாக வந்துவிடும் என்பார். பிறகு இண்டியன் இங்க்கில் நிப்பைத் தோய்த்து ஒரே மூச்சில் கோடு இழுப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் நடக்கக்கூடாது. தரை அதிர்ந்தால் கோடு நடுங்கும் என்று பேரப்பிள்ளைகள் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். படம் முடிந்ததும் வீட்டு ஆட்களிடம் காட்டுவார். அவர்கள் சிரித்தால் ஐயப்படுவார், ஏனென்றால் அவர்கள் தம்மிடம் பிரியமுள்ளவர்கள். பால் ஊற்ற வருபவர் சிரித்தால்தான் அஞ்சலில் சேர்ப்பார்.

இன்று இதே திறமை உள்ள இளைஞர்களுக்குத் திருமண வரவேற்பு ஒரு வருமான வழியாகிவிட்டது. மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு, வருகிற விருந்தினரின் உருவத்தைச் சில நிமிடங்களில் கேலிச்சித்திரமாக வரைந்து கையில் கொடுக்கிறார்கள். உறவுமுறை தெரியாமல் வரைந்தால் வம்பு வரும் இடம் அது. பெண்ணின் தாய்மாமன் தொந்தியைக் குறைக்கச் சொல்வார்; அருகில் நிற்கும் அவருடைய அக்காள், “தம்பி, உள்ளதை வரையுங்க, அப்பத்தான் அடையாளம் தெரியும்” என்பார். எதைப் பெரிதாக்கினால் ஆள் விளங்குவார் என்று கண்டுகொள்வதுதான் இந்தக் கலையின் உயிர். தேவகோட்டையில் பிறந்த எழுத்தாளர் தமிழ்வாணன் அதைத் தன் உருவத்திலேயே செய்து காட்டியவர். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மட்டும் வரைந்தால் போதும், வேறு கோடு தேவையில்லை. முகவரிக்குப் பதிலாக அந்த இரண்டை மட்டும் வரைந்த கடிதம் அவரிடம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள்.

இனி, நீங்கள் ஏன் பெட்டியைப் பிரிக்கக்கூடாது என்பதற்கு வருகிறேன். பழைய அச்சு முறையில் ஓவியர் அனுப்பும் படத்தைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அச்சிடுவதற்கான பிளாக் செய்வார்கள். அச்சு முடிந்ததும் பிளாக் உருக்கப்படும் அல்லது மூட்டையில் போய்ச் சேரும். மூலப் படம் ஓவியரிடம் திரும்பி வருவது அபூர்வம்; அலுவலகம் இடம் மாறும்போது பழைய காகிதத்தோடு அதுவும் போய்விடும். பெரும்பாலான ஓவியர்கள் தம் படங்களைக் கணக்கு வைத்துக்கொண்டவர்களும் அல்லர். வார இதழை வாசித்துவிட்டு மளிகைக் கடைக்குப் போடும் வழக்கத்தில், ஒரு ஓவியர் வாழ்நாளெல்லாம் வரைந்தவை பொட்டலமாகிப் போயின. யாரோ ஒரு வாசகர் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு ஒட்டி வைத்தவை மட்டும் எஞ்சின. காமிக்ஸ் இதழ்களின் நிலையும் இதிலிருந்து பெரிதும் மாறுபட்டதல்ல. இரும்புக்கை மாயாவியை இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ இதழுக்காக 1962 முதல் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ; அந்தப் பக்கங்களைத் தமிழ்ப் புத்தகத்தின் அளவுக்கு ஏற்பக் கட்டம் மாற்றி, வெட்டி ஒட்டி, வசனக் கூட்டுக்குள் தமிழை அடக்கியவர்கள் சிவகாசிக் கலைஞர்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. அவர்கள் கைவேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், உங்கள் பெட்டியில் இருக்கிறது என்பதுதான் பதில்.

உங்கள் ஊருக்கு மிக அருகிலேயே இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகக் கடைகளில் அலைந்து சேர்த்தவற்றைக் கோட்டையூர் வீட்டுக்குக் கொண்டு வந்து, நூல்கள், இதழ்கள் ஆகியவற்றோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று பிறர் தூக்கி எறிந்தவற்றையும் பாதுகாத்தார். அவர் 1992ஆம் ஆண்டு மறைந்தார். ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லாமல், 1994ஆம் ஆண்டு சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமையச் செய்தது. தூரிகை பிடித்த கையே சேகரிக்கவும் செய்தது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி; அச்சிட்ட ஒரு துண்டுத் தாளுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அறிந்தவருக்குத்தான் அதை எறிய மனம் வராது. இராயவரத்தில் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா என்று சிறுவர் எழுத்துக்கு வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் அடுத்தடுத்துத் தோன்றியிருக்கிறார்கள். ஆகவே பள்ளத்தூர் மாடியில் இப்படி ஒரு பெட்டி கிடைத்ததில் வியப்பில்லை.

விகடன் இதழ்கள் முழுதாக இருந்தால், 29.3.1987 தேதியிட்டது இருக்கிறதா என்று பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பற்றிய நகைச்சுவைப் படம் அதன் அட்டையில் வந்ததற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் விடுவித்தது. அந்த நடவடிக்கை செல்லாது என்று 1994ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு துணுக்குப் படத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு அந்த இதழைவிட நல்ல சான்று தமிழில் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாள்கள் செய்தித்தாள் காகிதம் என்பதால் வெயில் பட்டால் பழுப்பேறி நொறுங்கும். முற்றத்தில் காய வைக்காதீர்கள். துருப்பிடித்த பின்களை மெல்ல நீக்கிவிட்டு வெள்ளைப் பருத்தி நூலால் தைக்கலாம். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் தாளைக் கறுக்கச் செய்யும். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடுவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். மழைக்காலம் முடிந்ததும் அதை மாற்ற வேண்டும். பெயர் எழுதிய பக்கங்களை அழிக்கவோ, அழகுக்காக ஓரம் வெட்டிப் பைண்டு செய்யவோ கூடாது. நோட்டில் ஒட்டிய படங்களைப் பெயர்த்தெடுக்கவும் கூடாது. ஒட்டியவர் எந்தப் படத்துக்கு அருகில் எதை வைத்தார் என்பதும் ஒரு வாசகரின் தேர்வு.

விலையைப் பற்றி ஒரு சொல். பழைய கதைகள் பல இப்போது நல்ல தாளில் மறுபதிப்பாக வருவதால், கதைக்காக மட்டும் அதிக விலை கொடுப்போர் குறைந்து வருகிறார்கள். அட்டையும் எல்லாத் தாளும் உள்ள முதல் பதிப்புகளுக்கு மதிப்புக் குறையவில்லை. ‘தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்’ என்று வருபவருக்குக் கொடுத்தால் நல்ல பத்து இதழ்கள் போய், மீதி எடைக்குத்தான் போகும். உங்கள் வீட்டுக்கு வந்த இருவரையும் மீண்டும் அழையுங்கள். இதழ் எண், மாதம், ஆண்டு, குறைபாடு, உள் அட்டையிலுள்ள பெயர்கள் ஆகியவற்றைப் பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள். கூலி கேட்க மாட்டார்கள், காபியும் படிப்பதற்கு நேரமும் கொடுத்தால் போதும். பட்டியல் கையில் இருந்தால் பங்காளிகள் கூடிப் பேசவும் வசதி. வீட்டிலேயே வைத்துக்கொள்வதானால் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். முடியாது என்றால், தொகுப்பைப் பிரிக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆய்வு நூலகத்துக்குப் பட்டியலின் நகலை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். அதற்குமுன் நோட்டுகளின் பக்கங்களைக் கைப்பேசியிலாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியரின் கையொப்பம் தெரியும்படி, ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக எடுத்தால் பிற்பாடு அடையாளம் காண உதவும்.